ஒற்றைக் கைக்கு ஒரு துப்பாக்கி

அயோவா
14 ஜனவரி 1962

அன்புள்ள ஹார்லன் அண்ணாவுக்கு,

ஆர்டிஸ் எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாடுகள் எங்களைவிட சௌக்கியம். உன் இருமல் விட்டதா? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய ஆரஞ்சுக் கூடை வந்து சேர்ந்தது. இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேனே என்று கோபிக்காதே. காலையில் பதினெட்டு மாடு, சாயங்காலம் அதே பதினெட்டு மாடு, நடுவில் பாத்திரமும் துணியும். பேனாவை எடுத்தால் தலை மேசையில் சாய்கிறது.

உன் மாப்பிள்ளை செல்மரின் தோள் ஆறிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். ஆனாலும் விரல் அரிக்கிறதாம். அக்டோபரில் சோளம் பறிக்கிற மெஷின் முழங்கைக்கு மேலே வரை எடுத்துக்கொண்டதே, அந்தக் கையின் விரல். எங்கே என்று சொறிந்துவிடுவது?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணை இவர்சன் இவரை வற்புறுத்திப் படைவீரர் மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நிலவறையில் கைத்துப்பாக்கியால் காகிதத்தில் வரைந்த வட்டத்தைச் சுடுகிறார்களாம். திரும்பி வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ஆர்டிஸ், அங்க எல்லாருமே ஒத்தக் கையாலதான் சுடறாங்க. இன்னொரு கைய பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறாங்க. அதுதான் விதியாம்" என்றார்.

இந்த மூன்று மாதத்தில் அவராக வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை, காபிகூட. இப்போது ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வேண்டுமாம். செவ்வாய்க்கிழமைக் குறிக்கு ஆகும், வேட்டை சீசன் வந்தால் அணிலுக்கும் முயலுக்கும் ஆகும் என்கிறார்.

நீ இருபது வருஷமாக அந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன். எது தோதாக இருக்கும் என்று எழுது. ஒற்றைக் கைக்கு, அதுவும் இடது கைக்கு, எதுவுமே தோதாகாது என்றால் அதையும் கூசாமல் எழுது. நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை
ஆர்டிஸ்

*

ஓஹியோ
21 ஜனவரி 1962

அருமைத் தங்கை ஆர்டிஸுக்கு,

இருமல் போய்விட்டது, முதுகுவலி வந்திருக்கிறது. எனக்கு ஒன்று போனால் இன்னொன்று வரும், கவலைப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சந்தோஷத்தில் ரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது. தோதாகாதா? ஒற்றைக் கைக்காரனுக்கென்றே ஒரு விளையாட்டு உண்டென்றால் அது இதுதானே!

பாயின்ட் டூ டூ தோட்டாதான் அவனுக்குச் சரி. சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும், சத்தமும் குறைவு. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பிஸ்டல். பிடிக்குள்ளே தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைச் செருகிவிட்டால் ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். பத்து நொடியில் ஐந்து குண்டு சுட வேண்டிய சுற்றில் இதை அடிக்க வேறு ஆளே கிடையாது. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும், அதற்கு இன்னொரு கை வேண்டும். மற்றது ரிவால்வர். உருளையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டாவைப் போட வேண்டும். வேகம் மட்டு, ஆனால் காட்டுக்கு நம்பகம். இரண்டில் எது என்று நான் யோசிக்கிறேன். நீ மாடுகளைக் கவனி.

அன்புடன்
ஹார்லன்

*

அயோவா
2 பிப்ரவரி 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடு. இங்கே நலம்தான். பம்பு உறைந்துபோய் இரண்டு நாளாகப் பாத்திரத்தில் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். எனக்குச் சில சந்தேகம். அதிர்ச்சி தோளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். சின்னத் துப்பாக்கி என்றாலும் உதைக்கும்தானே? அப்புறம் மேல்பாகத்தை இழுக்க இன்னொரு கை வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய், உருளையைத் திறப்பதும் அப்படித்தானே? கை நழுவி ஏதாவது ஆகிவிட்டால்? இதற்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஏதாவது உண்டா? தோட்டாவைத் தனியாக வேறு வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டா?

ரைஃபிளும் ஷாட்கன்னும் இப்போது வீட்டில் இல்லை, இவர்சன் வீட்டில் இருக்கின்றன. இங்கே ஒரு துப்பாக்கியும் இல்லாமல் பழகிவிட்டது.

செல்மர் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார். உன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முழுக்கச் சொல்லவில்லை.

ஆர்டிஸ்

*

ஓஹியோ
9 பிப்ரவரி 1962

அன்புத் தங்கைக்கு,

மணல் ஒத்தடம் பலித்தது. நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் சந்தேகமெல்லாம் ஒரு சந்தேகமே இல்லை. உதை ஒரு தும்மல் அளவுகூட இருக்காது. என் கிளப்பில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருத்தி சுடுகிறாள். வாரம் தவறாமல் என்னைத் தோற்கடிக்கிறாள், அது வேறு விஷயம். பூட்டுப் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். தோட்டாவை உன் மாவு டப்பாவில் போட்டு வை, யார் கேட்கப் போகிறார்கள்.

கை விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்று கிளப்பில் என் வலது கையை பெல்ட்டுக்குள் செருகிக் கட்டிக்கொண்டு எல்லாத் துப்பாக்கியையும் இடது கையில் எடுத்துப் பார்த்தேன். நண்பர்கள் விடுவார்களா? "என்னப்பா ஹார்லன், கையை வாடகைக்கு விட்டுட்டியா?" என்று ஒருவன். "இப்பவும் அதே மோசமான ஸ்கோர்தானே வரும், கையைக் கட்டி என்ன பிரயோஜனம்?" என்று இன்னொருவன்.

பிஸ்டலின் மேல்பாகத்தை இழுக்க, மேசையில் ஒரு மரக்கட்டையை ஆணியடித்து அதில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முடிகிறது, ஆனால் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் சிதறுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ரிவால்வரின் உருளை இடது பக்கம் திறக்கும், வலது கைக்காரனுக்காகச் செய்தது. ஆனாலும் ஆள்காட்டி விரலால் தாழ்ப்பாளைத் தள்ளி, துப்பாக்கியை மேசையில் மணல் மூட்டைமேல் படுக்கவைத்துவிட்டால், தோட்டா போடுவது பட்டாணி உரிக்கிற மாதிரிதான். ஆறு அங்குலக் குழல், குறிபார்க்க நகர்த்தித் திருத்துகிற பின்குறி, வழுவழுப்பான விசை. வேகச் சுற்றில் கொஞ்சம் பின்தங்குவான். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கும் அணிலுக்கும் ஒன்றே போதும். அனுப்பட்டுமா?

ஹார்லன்

*

அயோவா
16 பிப்ரவரி 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அவசரமில்லை. இன்னும் குளிர் விடவில்லை. எடை இரண்டரை ராத்தல் என்று இவர்சன் சொன்னார். செல்மரின் இடது கையும் மெலிந்துதான் போயிருக்கிறது, தாங்காது என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாமே. நீ ஒரு வார்த்தை அப்படி எழுதினால் அவர் கேட்பார். உன் பேச்சென்றால் அவருக்கு மதிப்பு.

ஆர்டிஸ்

*

ஓஹியோ
4 ஏப்ரல் 1962

ஆர்டிஸ்,

ஆறு வாரத்துக்கு மேல் பதில் போடவில்லை. வேலை ஜாஸ்தி என்று எழுதினால் பொய். உன் கடைசிக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். எடைக்குக்கூடப் பதில் தயாராக இருந்தது. ஒரு புட்டி பாலைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் பத்து நிமிஷம் நிற்கச் சொல் என்று எழுதி, கிழித்துப் போட்டேன். எத்தனை கதவைத் திறந்தாலும் இவள் இன்னொன்றை மூடுகிறாளே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். கிளப்பில் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டது விளையாட்டு. ஒரு வாரம் முழுக்கக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன என்று தோன்றியது. மாப்பிள்ளைக்குத் துப்பாக்கிப் பிடியை எப்படி இழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான், வேறெதற்கும் இல்லை. ஃபேக்டரிக்கு லீவு போட்டேன்.

முதல் நாள் சட்டைப் பொத்தான் போடப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்த் தட்டோடு கீழே தள்ளினேன். மூன்றாம் நாள் பூட்ஸ் நாடா. படிக்கட்டில் உட்கார்ந்து அதோடு மல்லாடினேன். அப்புறம் பூட்ஸைக் கழற்றி சுவரில் அடித்தேன், சுவரில் குழி விழுந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தோன்றியது. ஐம்பத்தொரு வயது ஆளுக்கு, நினைத்தால் அவிழ்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கட்டுக்கு, மூன்றாம் நாளே அப்படி ஆகிவிட்டது.

அப்போதுதான் உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். ரைஃபிள் ஏன் இவர்சன் வீட்டுக்குப் போனது என்று நான் கேட்கவே இல்லை. பூட்டுக்கு ஏன் இத்தனை கேள்வி என்று கேட்கவில்லை. மாவு டப்பா என்று தமாஷ் எழுதினேன். முட்டாள் நான்.

தங்கச்சி, செல்மர் தன்னையே ஏதாவது செய்துகொள்வான் என்று பயப்படுகிறாயா? வேண்டாம் என்று நான் எழுத வேண்டும் என்றுதான் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாயா?

நேராகச் சொல்.

ஹார்லன்

*

அயோவா
10 ஏப்ரல் 1962

அன்புள்ள அண்ணா,

ஆமாம்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டிசம்பரில் ஒருநாள், காலைப் பால் கறக்கிற நேரம், அவரைக் காணோம். தேடிக்கொண்டு போனால் கொட்டகையில் அந்த மெஷின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ரைஃபிள். "எலி சுட வந்தேன்" என்றார். ஒற்றைக் கையால் ரைஃபிளைத் தூக்கி எலியைக் குறிபார்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "காபி ஆறுது, வாங்க" என்றேன். எழுந்து வந்தார். மறுநாள் குழல் துருப்பிடித்திருக்கிறது, சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லி இரண்டையும் இவர்சனிடம் கொடுத்துவிட்டேன். அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அதிலிருந்து அவர் வெளியே போனால் நான் ஜன்னல் மாற்றி ஜன்னல் போகிறேன். மாட்டுக் காலடியில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் காது வெளியில்தான். அலுத்துப்போய்விட்டேன், அண்ணா. மனுஷி இப்படி எவ்வளவு நாள் கேட்டுக்கொண்டே இருக்க முடியும்?

ஆனால் செவ்வாய்க்கிழமையானால் அவர் தானாகச் சவரம் செய்துகொள்கிறார். அங்கே யாரோ இரவல் கொடுக்கிறார்கள், இரண்டு சுற்று சுடுகிறார். அதைப் பிடுங்கவும் எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் உன் தலையில் போட்டேன். நீ எழுதிவிடு, எதுவும் தோதில்லை என்று. நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஆர்டிஸ்

*

அயோவா
11 ஏப்ரல் 1962

மச்சான்,

கோழி கிறுக்கியது என்று நினைத்துக் கிழித்துவிடாதே. இடது கையால் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இரண்டு நாளாக எழுதுகிறேன். நீ சுகம்தானே?

ஆர்டிஸுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். துப்பாக்கி பற்றி நீ ஏதோ எழுதுகிறாய், அவள் ஏதோ எழுதுகிறாள். கேட்டால், யோசித்துக்கொண்டிருக்கிறான் என்கிறாள். நீ துப்பாக்கி விஷயத்தில் மூன்று மாதம் யோசிக்கிற ஆளா? அவள்தான் நிறுத்துகிறாள். ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

டிசம்பரில் நான் எலி சுடப் போகவில்லை. எதற்குப் போனேன் என்று உனக்கு எழுதினால் எழுத்து இன்னும் கோணலாகும். அவள் வந்து காபி ஆறுகிறது என்றாள், எழுந்து போனேன். ரைஃபிளில் துரு இல்லை, நான் எண்ணெய் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்தால் அவளுக்கு நிம்மதி, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நன்றாக ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். ஆனால் அந்த நிலவறையில் நான் நிற்கும்போது என் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இருபது நிமிஷம் யாரும் என்னைப் பாவம் பார்ப்பதில்லை. மன்றச் செயலாளர் மைலோ இருக்கிறானே, "செல்மர், நீ சுட்ட குண்டு பக்கத்து ஊருக்குப் போயிருக்கும், போய் எடுத்துட்டு வா" என்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னை முதலில் கிண்டல் செய்தவன் அவன்தான்.

எனக்கொன்று தேர்ந்தெடு மச்சான். அவளிடம் நீ பேசு. நான் எழுதினேன் என்று சொல்லாதே.

செல்மர்

*

ஓஹியோ
19 ஏப்ரல் 1962

ஆர்டிஸுக்கும் செல்மருக்கும்,

இரண்டு பேரும் நலமா என்று கேட்கப் போவதில்லை. இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரே நாளில் எனக்கு இரண்டு கடிதம் வந்தது, ஒரே வீட்டிலிருந்து. ஒன்றில் வேண்டாம் என்று சொல்லு. இன்னொன்றில் வேண்டும் என்று சொல்லு. இரண்டிலும் நான் கேட்டேன் என்று தெரிய வேண்டாம். எழுநூறு மைல் தள்ளி ஒண்டிக்கட்டையாக உட்கார்ந்திருக்கிற நான், ஒரே மேசையில் சாப்பிடுகிற உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன் வேலை பார்க்க வேண்டுமாம்.

பார்க்க மாட்டேன். இரண்டு கடிதத்தையும் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். செல்மர், நீ அவளுடையதைப் படி. ஆர்டிஸ், நீ அவனுடையதைப் படி. என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். இது துரோகம்தான், தெரிந்தேதான் செய்கிறேன்.

துப்பாக்கி வாங்கியாகிவிட்டது. ஆறு அங்குல ரிவால்வர். பிடியை இடது கைக்கு இழைத்து வைத்திருக்கிறேன். அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எழுதுகிற வரை அது அங்கேயே இருக்கும். வேண்டாம் என்று எழுதினாலும் சரி, நானே சந்தோஷமாக அதை வைத்துக் காகித வட்டத்தைச் சுடுவேன். இடது கையால்.

செல்மர், ஒன்று மட்டும். உன் டாக்டரிடம் தோளைக் காட்டினாயே, மற்றதையும் சொல். அதற்கு வெட்கப்படாதே. நான் மூன்றே நாளில் பூட்ஸை சுவரில் அடித்தவன்.

உங்கள்
ஹார்லன்

*

அயோவா
6 மே 1962

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது.

உறையைப் பிரித்தவுடன் உன்னை என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். செல்மர் கை நீட்டினார், கொடுக்க மாட்டேன் என்றேன். "நீ என்னோடத ஏற்கனவே கையில வெச்சிருக்கியே" என்றார். அப்புறம் சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தோம். சாயங்காலப் பால் நேரம். மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன. அவர் முதலில் படித்து முடித்தார், என் எழுத்து தெளிவு.

"ஜன்னல் மாத்தி ஜன்னல் போறியா?" என்றார்.

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"டிசம்பர்லேருந்து."

என் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். அப்புறம், "எலி இல்ல, ஆர்டிஸ்" என்றார்.

"தெரியும்."

"துருவும் இல்ல."

"தெரியும்ங்க."

"தினமும் அந்த நினைப்பு வர்றதில்ல. சில நாள் வருது. வந்தா உங்கிட்ட சொல்றேன். ஆனா சொன்னா என்னை இப்படிப் பாக்கக் கூடாது."

"பாப்பேன். எனக்கு வேற மூஞ்சி கிடையாது."

சிரித்தார், அண்ணா. மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன், எதற்கென்று தெரியவில்லை. பிறகு போய் மாடு கறந்தோம். அவர் ஒற்றைக் கையால் நான்கு மாடு கறந்தார்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். செல்மர் தன் வாயாலேயே எல்லாம் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். மாதம் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். துப்பாக்கியைப் பற்றியும் கேட்டோம். அது வீட்டில் இருக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதையே நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இவர், "மன்றத்துல இரும்பு அலமாரி இருக்கு, சாவி மைலோகிட்ட. அங்கயே இருக்கட்டும். ஆர்டிஸ் எப்ப சொல்றாளோ அப்ப வீட்டுக்கு வரட்டும். சொல்லாட்டி வர வேண்டாம்" என்றார்.

மைலோவின் பெயருக்கே அனுப்பு. கீழே இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. கோணலாக இருப்பது அவருடையது.

ஆர்டிஸ்
செல்மர்

*

அயோவா
15 ஜூலை 1962

மச்சான்,

உடம்பு எப்படி? இங்கே வெயில் கொல்கிறது. சோளம் தோள் உயரம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் நான் அதிகமாகப் பார்ப்பதில்லை.

உன் ரிவால்வர் அருமை. தப்பு முழுக்க என்னுடையது. முதல் வாரம் முந்நூறுக்கு நூற்றிருபத்தொன்பது. மைலோ என் காகிதத்தைச் சுவரில் மாட்டி, "ஓட்டை இல்லாத இடமெல்லாம் செல்மர் சுட்டது" என்று எழுதி வைத்தான். போன வாரம் நூற்றெண்பத்தாறு. கடைசியிலிருந்து மூன்றாவது இடம். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவன். இருந்தாலும் என் கணக்கில் அவனும் தோற்றவன்தான்.

வேகச் சுற்றில்தான் மூச்சு வாங்குகிறது. நீ சொன்னபடியே பின்தங்குகிறேன். ஆனால் மெதுவான சுற்றில், குழல் நுனியிலுள்ள குறிமுள் வட்டத்துக்குக் கீழே அசையாமல் நிற்கிற ஒரு நொடி உண்டு, உனக்குத் தெரியுமே. அந்த ஒரு நொடியில் எனக்கு எதுவும் அரிப்பதில்லை.

ஆர்டிஸ் இளைத்துவிட்டாள். நான் சொன்னால் இல்லை என்கிறாள். இரண்டு மோசமான நாள் வந்தது, அவளிடம் சொன்னேன். இரண்டு நாளும் என் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் ஜன்னலுக்குப் போகிறாள். போகட்டும்.

செல்மர்

*

அயோவா
24 செப்டம்பர் 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். உன் முதுகு, மூட்டு, இருமல் எல்லாவற்றையும் விசாரித்ததாகச் சொல்.

அணில் சீசன் தொடங்கிவிட்டது. இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டேன். "அம்மா, கோடையில நீங்க பார்த்ததை வெச்சு என்ன தோணுது?" என்றார். கோடையில் நான் பார்த்தது என்னவென்றால், மோசமான நாள் வந்தபோதெல்லாம் அவர் வந்து சொன்னார். ஒருமுறை வைக்கோல் போரிலிருந்து இறங்கி வந்து சொன்னார். அதுதான் நான் பார்த்தது.

வெள்ளிக்கிழமை நானே மன்றத்துக்குப் போனேன். மைலோ என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நிச்சயமா அம்மா?" என்றார். "இல்ல. ஆனா கொடுங்க" என்றேன்.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் ஓக் மரத் தோப்புக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "நீயும் வர்றியா?" என்றார். எனக்காகத்தான் கேட்டார். "எனக்குப் பால் கேன் கழுவணும். போயிட்டு வாங்க" என்றேன்.

கேன் கழுவிக்கொண்டிருந்தேன். தோப்பிலிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான், காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி.

அப்புறம் ஒன்றுமில்லை.

கேன் நிறைந்து வழிந்த தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிஷமாகக்கூட இருந்திருக்காது. எனக்கு ஒரு வருஷம் அப்படியே நின்ற மாதிரி இருந்தது.

அப்புறம் இரண்டாவது சத்தம் கேட்டது.

குழாயை மூடிவிட்டுப் பால் அறைப் படியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை, அண்ணா. தூங்கிவிட்டேன். ஈரக் காலோடு, ஏப்ரனோடு, கதவு நிலையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. அவருடைய கோட்டு என்மேல் கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து வெண்ணெயில் கறி வறுக்கிற வாசனை. இரண்டு அணில். வாலைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தோலை இழுத்து உரித்திருக்கிறார், அதற்கு இரண்டாவது கை வேண்டாமாம். துப்பாக்கி உருளை திறந்து, காலியாக, மேசையில் என் இடத்துக்கு முன்னால் கிடந்தது. மாவு கறியில் ஒட்டியதைவிட அடுப்பில் கொட்டியதுதான் அதிகம்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்றேன்.

"ரெண்டு மணி நேரம். குறட்டை வேற. தோப்புல மிச்சமிருந்த அணிலெல்லாம் அதுலதான் ஓடிப்போச்சு."

உட்கார்ந்து சாப்பிட்டோம். கொஞ்சம் கரிந்திருந்தது. சொல்லவில்லை.

"மூணு குண்டு, ரெண்டு அணில்" என்றார் தானாகவே, வெட்கத்தோடு. "முதல் குண்டு படல. கிளைக்கு மேல போயிடுச்சு."

"படாததே நல்லதாப் போச்சு" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அன்புடன், கொஞ்சம் தூங்கி எழுந்த
உன் தங்கை
ஆர்டிஸ்